கடல் கடந்த பிள்ளையும் காத்திருக்கும் பெற்றோரும்

(பினாங்கு, ஜார்ஜ்டவுனில் தோட்டப் பெற்றோர்களுக்கென நடைபெற்ற கூட்டத்தில் தகவல் இலாகா அதிகாரி ஒருவர் ஆற்றிய உரை)

அன்பார்ந்த பெற்றோர்களே, தோட்டத் தொழிலாளர் பெருமக்களே,

விடியுமுன் எழுந்து, பெரட்டுக்கு நின்று, நிரை முடித்து, பாலை நிறுத்துக் கொடுத்துவிட்டு, பட்டர்வொர்த்திலிருந்து கடல் தாண்டி இவ்விடம் வந்து சேர்ந்திருக்கிறீர்கள். களைப்பையும் பாராது வந்திருப்பதே, நாம் பேச எடுத்துக்கொண்ட பொருள் உங்கள் நெஞ்சில் எவ்வளவு ஆழமாகப் பதிந்திருக்கிறது என்பதைக் காட்டுகிறது. பெற்று வளர்த்த பிள்ளை படைவீரனாகக் கடல் கடந்து சென்றிருக்கும்பொழுது வீட்டிலிருக்கும் தாய் தந்தையர் எவ்வாறு மனத்தைத் திடப்படுத்திக்கொள்வது என்பதே இன்றைய பொருளாகும்.

2024-ஆம் ஆண்டு நவம்பர் 7-ஆம் நாள் இரவு உங்களில் சிலர் உறங்கியிருக்க மாட்டீர்கள். லெபனான் நாட்டில் அமைதிகாக்கும் பணிக்காகப் புதிதாய்ச் சென்ற வீரர்களின் வண்டி சைடோன் நகரருகே சென்றுகொண்டிருந்தபொழுது, அருகில் நடந்த வான்தாக்குதலில் மலேசிய வீரர்கள் சிலர் இலேசாகக் காயமுற்றனர். காயம் இலேசானது என்பது பிறகு தெரிந்தது. ஆனால் முதற்செய்திக்கும் முழுச்செய்திக்கும் இடைப்பட்ட அந்தச் சில மணி நேரம் இருக்கிறதே, அதைப்பற்றித்தான் இன்று பேச விரும்புகிறோம். போர்க்களத்தில் நிற்பவனுக்குத் துணையாகத் தோழர்கள் இருக்கிறார்கள். ஆணையிட அதிகாரிகள் இருக்கிறார்கள். வீட்டில் காத்திருக்கும் தாய்க்கு அத்தகைய ஏற்பாடு ஏதும் இல்லை.

பினாங்கு மண்ணில் உறங்கும் அயலார் பிள்ளைகள்

இந்த ஜார்ஜ்டவுன் நகரின் பழைய கிறிஸ்துவ இடுகாட்டில், மேற்குச் சாலை என்று முன்னாளில் வழங்கிய பகுதியில், ரஷ்யக் கடற்படை வீரர்களின் கல்லறை ஒன்று இருக்கிறது. அவர்கள் எவ்வாறு இங்கு வந்து உறங்குகின்றனர்?

"அவன் பெரிய எம்டன்" என்று நம்மவர் ஒருவனைச் சொல்வதுண்டு. அச்சொல்லுக்குக் காரணமான 'எம்டன்' என்னும் ஜெர்மானியப் போர்க்கப்பல், 1914-ஆம் ஆண்டு செப்டம்பர் 22-ஆம் நாள் சென்னைப் பட்டினத்தின்மீது குண்டு பொழிந்தது. அதே கப்பல் அக்டோபர் 28-ஆம் நாள் விடியற்காலை, போலிப் புகைபோக்கி ஒன்றை வைத்து மாறுவேடம் பூண்டு, பினாங்குத் துறைமுகத்திற்குள் நுழைந்தது. இங்கு நங்கூரமிட்டிருந்த 'ஜெம்சூக்' என்னும் ரஷ்யக் கப்பலைச் சில நிமிடங்களில் மூழ்கடித்தது. எண்பதுக்கும் மேற்பட்ட ரஷ்ய வீரர்கள் மாண்டனர்.

தம் மகன் பினாங்கு என்னும் ஊரில் அடக்கம் செய்யப்பட்டான் என்ற செய்தியைக் கேட்ட ரஷ்யத் தாய்க்கு, அவ்வூர் எத்திசையில் உள்ளது என்றாவது தெரிந்திருக்குமா? அங்கே மழை பெய்யுமா, வெயில் அடிக்குமா, கல்லறையில் ஒரு பூ வைக்க யாராவது இருப்பார்களா என்று அவள் எத்தனை நாள் எண்ணியிருப்பாள்! நூறாண்டுகளுக்கு மேலாகியும் அந்நாட்டுத் தூதரகத்தார் அங்கு வந்து அஞ்சலி செலுத்திவருகின்றனர். பெயர் தெரியாத ஊருக்குப் பிள்ளையை அனுப்பிவிட்டுத் தவிக்கும் பெற்றோர் எல்லா நாட்டிலும் எல்லாக் காலத்திலும் இருந்திருக்கிறார்கள். நீங்கள் தனியாக இல்லை என்பதற்காகவே இதைக் கூறுகிறோம்.

நாமும் காத்திருக்கப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகளே

நம் பாட்டனாரும் பாட்டியாரும் நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறி இதே பினாங்குத் துறைக்கு வந்தவர்கள். ஜெரஜாக் தீவில் நோய்த்தடுப்புக் காவலில் நாட்களைக் கழித்து, பிறகு தோட்டங்களுக்குப் பிரிந்து சென்றார்கள். அவர்களை வழியனுப்பிய தாய்மார் ஊரில் காத்திருந்தார்கள். கடிதம் வந்தால் மகன் இருக்கிறான்; வராவிட்டால் தெரியாது. ரஜூலா போன்ற கப்பல்கள் கரை சேரும் நாட்களை எண்ணியே பலர் முதுமையடைந்தார்கள். ஆகவே காத்திருத்தல் நம் குடும்பங்களுக்குப் புதிதன்று. அன்று அக்கரையில் காத்திருந்தார்கள். இன்று இக்கரையில் நாம் காத்திருக்கிறோம்.

1941 டிசம்பரில் ஜப்பானியர் பினாங்கைக் கைப்பற்றிய பிறகு, தமிழ்நாட்டுக்கும் மலாயாவுக்கும் இடையே கடிதப் போக்குவரத்தே நின்றுபோயிற்று. அக்காலத்தில் இந்நகரில் வழக்கறிஞர் என். இராகவன் முயற்சியால் சுயராஜ்ய பயிற்சிக் கழகம் ஒன்று இயங்கியது. இந்திய விடுதலைக்காகப் பாடுபட முன்வந்த இளைஞர்கள் அதில் பயிற்சி பெற்றார்கள். அவர்களுள் ஒருவர் திருவிதாங்கூரைச் சேர்ந்த வக்கம் அப்துல் காதர். பிழைப்புக்காக மலாயா வந்தவர். 1942 செப்டம்பரில் ஒரு சிறு குழுவினருடன் பினாங்கிலிருந்து ஜப்பானிய நீர்மூழ்கிக் கப்பலில் புறப்பட்டு, மலபார்க் கடற்கரையில் தானூர் அருகே இறங்கினார். இறங்கியவுடனேயே பிடிபட்டார். 1943-ஆம் ஆண்டு செப்டம்பர் 10-ஆம் நாள் சென்னைச் சிறையில் தோழர்கள் மூவருடன் தூக்கிலிடப்பட்டார். அப்பொழுது அவருக்கு வயது 26.

தூக்கிலிடப்படுவதற்கு முதல்நாள் அவர் தம் தந்தைக்கு விடைபெறும் கடிதம் ஒன்று எழுதினார். சாகப்போகிற மகன், உயிரோடு இருக்கப்போகிற தந்தைக்கு ஆறுதல் கூறி எழுதிய கடிதம் அது. வெளிநாட்டில் பணியாற்றும் பிள்ளைகள் யாவரிடமும் இந்தப் பண்பைக் காணலாம். தனக்கு நேர்வதைவிட அதைக் கேட்டுத் தாய் தந்தையர் என்ன ஆவார்களோ என்பதே அவர்களுடைய பெருங்கவலை. வீட்டில் இருப்போர் மனந்தளராமல் இருக்கிறார்கள் என்று அறிந்தால், தொலைவில் இருப்பவனின் சுமையில் பாதி குறையும். இதை நீங்கள் மறவாதிருக்க வேண்டும்.

தந்தையின் கையெழுத்து

1943-இல் நேதாஜி சுபாஷ் சந்திரபோஸ் மலாயா வந்து இந்திய தேசிய ராணுவத்தின் தலைமையை ஏற்றபொழுது, பெண்களுக்கென ஜான்சி ராணிப் படை அமைக்கப்பட்டது. கேப்டன் இலட்சுமி அதற்குத் தலைமை தாங்கினார். அப்படையில் சேர்ந்தவர்களில் பலர் நம்மைப் போன்ற ரப்பர்த் தோட்டக் குடும்பத்துப் பெண்கள். பள்ளிக்கூட வாசலை மிதிக்காதவர்களும் இருந்தார்கள். உளி பிடித்த கை துப்பாக்கி பிடித்தது.

மணமாகாத பெண் அப்படையில் சேரத் தந்தையின் சம்மதக் கையெழுத்து வேண்டியிருந்தது. கோலாலம்பூரைச் சேர்ந்த ஜானகி தேவருக்கு அப்பொழுது வயது 18. நேதாஜியின் உரையைக் கேட்டு, அணிந்திருந்த நகைகளைக் கழற்றிக் கொடுத்தவர் அவர். படையில் சேர முதலில் இசையாத தந்தையிடம் மன்றாடிக் கையெழுத்துப் பெற்றார். பர்மாவுக்குச் சென்றார். 1945-இல் படை பின்வாங்கியபொழுது நெடுந்தொலைவு நடந்தே திரும்பியவர்களுள் அவரும் ஒருவர். பிற்காலத்தில் ஜானகி ஆதி நாகப்பன் என்று நாடறிந்த தலைவியாகி, மேலவை உறுப்பினராகவும் விளங்கி, 2000-ஆம் ஆண்டில் இந்திய அரசின் பத்மஸ்ரீ விருதும் பெற்று, 2014-இல் மறைந்தார்.

மகள் திரும்பி வந்ததால் அந்தத் தந்தையின் கையெழுத்தை இன்று நாம் பெருமையாகப் பேசுகிறோம். ஆனால் அவர் பேனாவை எடுத்த அன்று அவருக்கு முடிவு தெரியாது. பர்மாவுக்குச் சென்ற தோட்டத்து இளைஞர்களில் திரும்பாதவர்கள் பலர். சயாம் ரயில் பாதை போடக் கொண்டு போகப்பட்டவர்கள் படைவீரர்கள் அல்லர். ஆனாலும் அவர்கள் வீட்டிலும் இதே காத்திருப்புத்தான். எந்த நாளை நினைவு நாளாகக் கொண்டு படையல் இடுவது என்றுகூடத் தெரியாமல் வாழ்ந்த குடும்பங்களை நம் தோட்டங்கள் கண்டிருக்கின்றன.

இங்கு வந்திருக்கும் தாய்மார் சிலர் நம்மிடம் தனியே வந்து, "நாங்கள் சரி என்று சொன்னதனால்தானே அவன் போனான்?" என்று கண்கலங்கக் கேட்டதுண்டு. அவர்களுக்கு ஒன்று கூறுவோம். வளர்ந்த பிள்ளை தான் தேர்ந்த தொழிலுக்குச் செல்கிறான். பெற்றோரின் சம்மதம் என்பது அவன் வழியைத் தடுக்காமல் வாழ்த்தி அனுப்பியதே. அவ்வாழ்த்தைக் குற்றமாக மாற்றிச் சுமப்பது உங்களுக்கும் நல்லதன்று. அதைக் கேள்வியுற்றால் அவனுக்கும் நல்லதன்று.

நம் நாட்டின் அமைதிகாக்கும் பணி

நம் நாட்டுப் படைகள் பிற நாடுகளைப் பிடிக்கச் செல்வதில்லை. சண்டையிட்டுக் கொள்வோரை விலக்கிவைக்கவும், பசித்தவருக்கு உணவு சென்று சேரவும், ஐக்கிய நாடுகள் சபையின் நீலத் தொப்பியணிந்து செல்கின்றன. 1960-இல் காங்கோவுக்குச் சென்றதே இப்பணியின் தொடக்கம். சுதந்திரம் பெற்று மூன்றே ஆண்டுகள் ஆகியிருந்த நாடு அப்பொறுப்பை ஏற்றது. அதன் பின்னர் நமீபியா, கம்போடியா, சோமாலியா, போஸ்னியா, கிழக்குத் தீமோர் எனப் பல நாடுகளில் நம் வீரர்கள் பணியாற்றினர். லெபனானில் 2007 முதல் நம் படைப்பிரிவு பங்கேற்றது. அங்குள்ள ஐ.நா. படையின் பணியை 2026 டிசம்பர் 31-ஆம் நாளோடு முடித்துக்கொள்வதெனப் பாதுகாப்பு மன்றம் 2025 ஆகஸ்டில் தீர்மானித்தது.

அமைதிகாக்கும் பணி என்பதால் ஆபத்தில்லாத பணி என்று பொருளாகாது. 1993 அக்டோபர் 3-ஆம் நாள் இரவு, சோமாலியாவின் மொகாடிசு நகரில் சூழப்பட்டுச் சிக்கிக்கொண்ட அமெரிக்க வீரர்களை மீட்க, நம் வீரர்கள் கோண்டோர் கவச வண்டிகளில் சென்றனர். பாகிஸ்தானியப் படையினரும் உடன் சென்றனர். அம்மீட்புப் பணியில் மாட் அஸ்னான் அவாங் என்னும் வீரர் உயிர் துறந்தார். வேறு சிலர் காயமுற்றனர். நாட்டின் மிக உயர்ந்த வீர விருதான ஸ்ரீ பஹ்லாவான் காகா பெர்காசா அவருக்கு மறைவுக்குப் பின் வழங்கப்பட்டது. ஆண்டுதோறும் ஜூலை 31-ஆம் நாள் நாம் கொண்டாடும் வீரர் தினத்தில் இத்தகையோரை நன்றியுடன் நினைக்கிறோம்.

ஒரு கடிதத்தின் தேதி

அந்த 1993-ஆம் ஆண்டில் நமக்கு வயது 11. செபராங் பிறையின் தென்பகுதியில் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் லயத்து வீட்டில் குடியிருந்தோம். அடுத்த வீட்டுப் பெரியம்மாவின் மூத்த மகன், இராணுவத்தில் வாகனங்களைப் பழுதுபார்க்கும் பிரிவிலிருந்து சோமாலியாவுக்குச் சென்றிருந்தான். பெரியம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. பெரியப்பா எழுத்துக்கூட்டிப் படிப்பார்; ஆனால் மகனுடைய கடிதத்தைப் படிக்கத் தொடங்கினால் குரல் அடைத்துவிடும். ஆகவே கடிதம் படிக்கும் வேலை நமக்கு வந்தது.

ஒரு மலேசிய வீரர் மாண்டார் என்ற செய்தி வானொலியில் வந்தது. மாண்டவர் பெயரும் விரைவில் தெரிந்தது. எனினும் லயத்தில் வேறு பேச்சுக் கிளம்பிற்று. "இன்னும் பெயர் சொல்லாதவர்கள் இருக்கிறார்களாம்" என்று யாரோ கூறிவிட்டார்கள். பெரியம்மா ஒரு நாளும் வேலைக்குச் செல்லாமல் இருக்கவில்லை. ஆனால் பட்டையில் ஒரு கீறல் அதிகப்படாமல் பால் வெட்டுவதில் பெயர் பெற்றவர், அந்த வாரம் வெட்டிய மரங்களிலெல்லாம் உளி ஆழ இறங்கிக் காயம் பட்டிருந்தது. கங்காணி பார்த்தார்; ஒரு சொல்லும் சொல்லாமல் போய்விட்டார்.

சில நாட்கள் கழித்துத் தோட்ட அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. லயமே கூடிவிட்டது. நாம் உறையைப் பிரித்தோம். தோட்டப் பள்ளியில் நமக்குக் கற்பித்தபடியே, தேதியை எழுத்தால் முதல் வரியில் எழுதியிருந்தான்: செப்டம்பர் மாதம் இருபத்தேழாம் நாள். சண்டை நடந்ததோ அக்டோபர் மூன்றாம் நாள். சிறுவனாயினும் அதன் பொருள் நமக்கு விளங்கிவிட்டது. சுற்றி நின்றவர்களின் முகங்களைப் பார்த்தோம். தேதியை விட்டுவிட்டு, "அன்புள்ள அம்மா அப்பாவுக்கு" என்று தொடங்கிப் படித்தோம். பெரியம்மா சிரித்தார், கூட்டம் கலைந்தது.

அன்று மாலை அவர் தனியே வந்தார். "தம்பி, தேதி போட்டிருப்பானே, என்ன தேதி?" என்று கேட்டார். "அக்டோபர் ஐந்து, பெரியம்மா" என்றோம். அவர் தலையசைத்துவிட்டுச் சென்றார்.

மூன்று வாரங்களுக்குப் பிறகு அடுத்த கடிதம் வந்தது. அது சண்டைக்குப் பின் எழுதியது. மகன் நலமாக இருந்தான். படித்து முடித்ததும் பெரியம்மா நம் தலையைத் தடவிக்கொண்டே சொன்னார்: "போன கடிதத்தின் தேதியை மறுநாளே கிராணியிடம் காட்டிக் கேட்டுவிட்டேன், தம்பி. நீ என் நல்லதற்குத்தான் மாற்றிச் சொன்னாய். ஆனால் அதற்கப்புறம் யார் என்ன சொன்னாலும் எனக்கு நம்பிக்கை வரவில்லை. இனிமேல் அவன் எழுதியதை எழுதியபடியே படி."

அருகில் அமர்ந்திருந்த பெரியப்பா அப்பொழுதுதான் வாய் திறந்தார். அந்தத் தேதியை அவரும் முதல்நாளே எழுத்துக்கூட்டிப் படித்திருந்தாராம். மனைவிக்குத் தெரியவேண்டாம் என்று அவர் மறைத்தார். கணவருக்குத் தெரியவேண்டாம் என்று அவர் மனைவியும் மறைத்தார். ஒரே கூரையின் கீழ் இருவரும் மூன்று வாரம் ஆளுக்கொரு பக்கம் திரும்பிப் படுத்து விழித்திருந்திருக்கிறார்கள்.

பின்னாளில் ஆசிரியர் பயிற்சி பெற்றபொழுது பல நூல்களைக் கற்றோம். ஆனால் காத்திருக்கும் பெற்றோரைப்பற்றி நாம் அறிந்தவற்றுள் முதன்மையானதை அந்த லயத்து வீட்டிலேயே கற்றோம். துன்பத்தை மறைப்பதால் அது குறைவதில்லை. பங்கிட ஆளில்லாமல் இரட்டிப்பாகிறது.

பெற்றோர் கடைப்பிடிக்க வேண்டியவை

இனி, சில நடைமுறைக் குறிப்புகளைக் கூற விரும்புகிறோம்.

முதலாவது, முகவரி. இது சிறிய காரியமாகத் தோன்றலாம். ஆனால் தோட்டக் குடும்பங்களுக்கு இதுவே மிக முக்கியம். முன்பு நம் கடிதங்கள் யாவும் தோட்ட அலுவலகத்திற்கு வரும். இன்று பல தோட்டங்கள் துண்டாடப்பட்டும் விற்கப்பட்டும் போயின. லயங்களை விட்டு மலிவுவிலை வீடுகளுக்கும் அடுக்குமாடிகளுக்கும் குடிபெயர்ந்துவிட்டோம். மகன் படையில் சேர்ந்தபொழுது கொடுத்த பழைய தோட்டத்து முகவரியே இன்னும் அவனுடைய பதிவில் இருக்கக்கூடும். நெருங்கிய உறவினர் என்று யார் பெயரைக் கொடுத்திருக்கிறான், எந்த முகவரி, எந்தத் தொலைபேசி எண் என்பதை அவன் புறப்படுமுன் கேட்டு, மாறியிருந்தால் திருத்தச் சொல்லுங்கள். அவனுடைய படை எண், படைப்பிரிவின் பெயர், முகாமின் தொலைபேசி எண் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டிவையுங்கள்.

இரண்டாவது, வதந்தி. அன்று லயத்துக் குழாயடியில் பிறந்த வதந்தி இன்று கைத்தொலைபேசியில் பிறக்கிறது. எந்த நாட்டிலோ எந்த ஆண்டிலோ எடுத்த படத்தை 'நம் வீரர்கள்' என்று யாரோ அனுப்பிவிடுகிறார்கள். படைப்பிரிவிடமிருந்தோ பாதுகாப்பு அமைச்சிடமிருந்தோ வராத செய்தியைச் செய்தியாகக் கொள்ளாதீர்கள், பிறருக்கும் அனுப்பாதீர்கள். இன்னொரு வீட்டிலும் ஒரு தாய் இருக்கிறாள். சம்பவம் ஏதேனும் நிகழ்ந்தால் பாதுகாப்பைக் கருதி அங்கிருந்து பேசுவதற்குச் சில நேரம் தடை இருக்கலாம். ஆதலால் தொலைபேசி ஒலிக்கவில்லை என்பதை மட்டும் வைத்துத் தீங்கு நேர்ந்துவிட்டதாக முடிவு செய்யலாகாது.

மூன்றாவது, பேச்சு. மகன் பேசும்பொழுது, அவன் நிற்கும் இடம், புறப்படும் நேரம், உடனிருப்போர் எண்ணிக்கை ஆகியவற்றைக் கேட்காதீர்கள். அவனால் சொல்ல முடியாததைக் கேட்டு அவனைச் சங்கடத்துக்குள்ளாக்க வேண்டாம். வீட்டுச் செய்திகளைச் சொல்லுங்கள். தங்கையின் தேர்வு, ஆடு குட்டி போட்டது, கோயில் திருவிழாவில் யார் கரகம் எடுத்தார்கள் என்பவையே அவனுக்கு மருந்து. கெட்ட செய்தி இருந்தால் முற்றிலும் மறைக்காதீர்கள், பெரிதாக்காமலும் சொல்லுங்கள். தந்தை மருத்துவமனையில் இருப்பதை ஊரார் வாயிலாக அவன் அறிந்தால், அதன்பின் நீங்கள் "நலம்" என்று கூறும் எதையும் அவன் நம்பமாட்டான். அந்தப் பெரியம்மாவுக்கு நேர்ந்ததே அவனுக்கும் நேரும்.

நான்காவது, உடல்நலம். மகன் வரும்வரை ஒருபொழுது இருப்பதாகவும், தண்ணீர்மலை முருகனுக்குக் காவடி எடுப்பதாகவும் வேண்டிக்கொள்வோர் உண்டு. நம்பிக்கை மனத்துக்கு ஊன்றுகோல்; அதைக் குறை கூறோம். ஆனால் நீரிழிவும் இரத்த அழுத்தமும் உள்ளவர்கள் மருத்துவரைக் கேளாமல் பட்டினி கிடப்பதும் மாத்திரையை நிறுத்துவதும் கூடாது. திரும்பி வரும் மகன் முதலில் தேடுவது உங்களைத்தான். தந்தைமார்களுக்கும் ஒரு சொல்: ஆண்பிள்ளை அழலாகாது என்று துக்கத்தை விழுங்கி, மாலையில் அதைக் கள்ளிலும் சாராயத்திலும் கரைக்கப் பார்ப்பவர்களை நாம் பார்த்திருக்கிறோம். அது கரைவதில்லை. மனைவியோடு அமர்ந்து பத்து நிமிடம் மகனைப்பற்றிப் பேசுங்கள், அது போதும்.

ஐந்தாவது, பணம். வெளிநாட்டுப் பணியில் மகன் அனுப்பும் தொகை வழக்கத்தைவிடக் கூடுதலாக இருக்கலாம். அது ஏறத்தாழ ஓராண்டுக்குரிய வரவு, என்றென்றும் வருவதன்று. அதை நம்பி வட்டிக்காரரிடம் கடன் வாங்குவதும், தவணையில் பொருள்களை வாங்கிக் குவிப்பதும் வேண்டாம். வங்கியில் அவன் பெயரில் சேர்த்துவைத்து, வந்ததும் கணக்கைக் காட்டுங்கள். உயிரைப் பணயம் வைத்து ஈட்டிய பணம் அது.

ஆறாவது, மருமகள். மணமான மகனாயின், காத்திருப்பவர் நீங்கள் மட்டும் அல்லர். அவனுடைய தொலைபேசி அழைப்பு முதலில் தாய்க்கா மனைவிக்கா என்று வீட்டில் ஒரு போர் தொடங்கக்கூடாது. படைவீரர் குடும்ப நலனுக்காகப் பாக்காட் என்னும் அமைப்பு இருக்கிறது. அதன் கூட்டங்களுக்கு மருமகளை அனுப்பிவையுங்கள். மலாயும் சீனமும் இபானும் பேசும் வீடுகளிலும் இதே கவலை இருப்பதை அவள் அங்கு காண்பாள்.

திரும்பி வந்த பின்னர்

விமான நிலையத்தில் மாலை போட்டதோடு காத்திருப்பு முடிந்துவிடுவதில்லை. உடம்பு வந்து சேர்ந்த பிறகும் மனம் வந்து சேரச் சில காலமாகும். தீபாவளிப் பட்டாசுச் சத்தத்திற்குத் திடுக்கிடலாம், இரவில் உறங்காமல் முற்றத்தில் நடக்கலாம், காரணமின்றிச் சினங்கொள்ளலாம், வாய் மூடியே இருக்கலாம். முதல் உலகப் போரில் இதைக் கோழைத்தனம் என்றார்கள். பிறகு மருத்துவர்கள் இது ஒரு நோய் என உணர்ந்தார்கள். 1980-இல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் தன் நோய்ப் பட்டியலில் இதை முறையாகச் சேர்த்தது. பேய் பிடித்தது என்றோ, செய்வினை என்றோ எண்ணி மந்திரவாதியிடம் அழைத்துச் செல்லாதீர்கள். சில வாரங்களில் குறையவில்லையென்றால் படை மருத்துவரிடமோ அரசாங்க மருத்துவமனையிலோ காட்டுங்கள். கை முறிந்தால் மருத்துவரிடம் செல்ல நாம் வெட்கப்படுவதில்லை. இதற்கும் வெட்கம் வேண்டாம்.

"அங்கே என்ன பார்த்தாய்? சுட்டாயா?" என்று சூழ்ந்து நின்று கேட்கும் உறவினரை நீங்களே தடுத்து நிறுத்துங்கள். வந்த மாதமே பெண் பார்க்கவும் புறப்படாதீர்கள். காயம் பட்ட பட்டையைப்பற்றி உங்களுக்கு நாம் சொல்லவேண்டியதில்லை. பட்டை புதிதாய் வளர்ந்து மூட ஆண்டுகள் பல வேண்டும். அதற்குள் அங்கே உளியை வைப்பவன் நல்ல தொழிலாளி அல்லன். மரத்துக்குக் காட்டும் பொறுமையை மகனுக்கும் காட்டுங்கள்.

பெற்றோர்களே,

புறநானூற்றில் காவற்பெண்டு என்னும் புலவர் பாடிய பாடல் ஒன்று உண்டு. மகன் எங்கே என்று கேட்டவரிடம், இருக்குமிடம் தனக்குத் தெரியாது என்றும், புலி தங்கிச் சென்ற குகையைப் போன்றது தன் வயிறு என்றும் ஒரு தாய் கூறுகிறாள். பள்ளியில் இப்பாடலை வீரத்துக்கு எடுத்துக்காட்டாகக் கற்பித்தோம். இப்பொழுது அதைப் படிக்கும்பொழுது வேறொன்றும் தோன்றுகிறது. குகை வெறுமையாக இருக்கிறது என்பதையும் அந்தத் தாய் சொல்லிவிட்டாள் அல்லவா? பெருமையும் ஏக்கமும் ஒரே நெஞ்சில் இருக்கலாம். அழுகிற தாய் வீரத்தாய் அல்லள் என்று எவரும் சொல்லவேண்டாம்.

இன்று வீடு திரும்பியதும் இரண்டு காரியங்கள் செய்யும்படி உங்களைக் கேட்டுக்கொள்கிறோம். மகனுடைய பதிவில் உள்ள முகவரி சரியானதா என்று பாருங்கள். பின்னர், விளக்கணைக்குமுன், உங்களுக்குத் தெரிந்ததையும் நீங்கள் அஞ்சுவதையும் ஒருவருக்கொருவர் மறைக்காமல் சொல்லிக்கொள்ளுங்கள். உங்கள் பிள்ளைகள் யாவரும் நலமே திரும்பி வந்து உங்கள் இல்லங்கள் களிப்புற வேண்டுமென வாழ்த்துகிறோம்.